பித்தளையிலும் கண்ணாடியிலும் நுண்ணெழுத்து: எந்த வினைல் கட்டர் வாங்கலாம்?

கேள்வி: கோலக்காரி, சாட்ஸ்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், என் வீட்டின் பின்கட்டிலேயே ஒரு சிறிய பட்டறை வைத்து, கண்ணாடியிலும் பித்தளையிலும் எட்சிங் (அரித்துப் பொறிக்கும்) வேலை செய்து வருகிறேன். மணமக்கள் பெயரும் கோலமும் பொறித்த கண்ணாடிக் குவளைகள், பூஜையறைக் கதவுக்கான கண்ணாடி, குத்துவிளக்கின் அடியில் பதிக்கும் சிறு தகடு ஆகியவற்றையே பெரும்பாலும் கேட்டு வருவார்கள். இதுநாள்வரை ஸ்டென்சில்களைக் கையால்தான் வெட்டினேன். வினைல் என்னும் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தைக் கண்ணாடிமேல் ஒட்டி, அச்சிட்ட தாளைக் கார்பன் வைத்து அதன்மேல் படியெடுத்து, அறுவைக் கத்தியால் கோட்டோடு கோடாகக் கீறி எடுப்பேன். மாங்காய்க் கோலம் போன்ற பெரிய வடிவங்களுக்கு அந்த முறையே போதுமானதாக இருந்தது. இப்போது எனக்கு வயது 58. கண்ணும் விரலும் முன்போல் ஒத்துழைப்பதில்லை.

எங்கள் கோவிலில் நன்கொடையாளர் பெயர்த் தகடுகள் 40 செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 120 மில்லிமீட்டர் நீளமும் 80 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பித்தளைத் தகடு. மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் பெயர் வர வேண்டும், தைப்பூசக் காவடிக்கு முன்பே சுவரில் ஏற்றிவிட வேண்டும். தமிழ் எழுத்தின் உயரம் 6 மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறேன்.

சோதனைக்காக நகரில் ஒரு கடையில் கொடுத்து ஒரு ஸ்டென்சில் வெட்டி வாங்கினேன். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதைத் திருத்தி வாங்கியபோது, ‘ன’, ‘ல’ ஆகியவற்றின் தொடக்கச் சுழிக்குள் இருக்க வேண்டிய வினைல் துணுக்குகள் எல்லாம் பெயர்ந்து போயிருந்தன. மூலைகள் கூராக இல்லாமல் நகத்தால் கிள்ளியதுபோல் இருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். தகட்டில் ஒட்ட மனம் வரவில்லை.

ஆகவே கணினி வரைபடத்தின்படி வினைலை வெட்டித் தரும் ஒரு வினைல் கட்டரைச் சொந்தமாக வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். 15,000 ராண்ட் வரை ஒதுக்க முடியும். நுணுக்கமான ஸ்டென்சிலுக்கு எந்த வகை இயந்திரம் ஏற்றது? விலை கூடிய இயந்திரம் வாங்கினால்தான் சுழிகள் நிற்குமா, அல்லது கடைக்காரர் செய்த தவறு வேறு எதுவுமா? அனுபவப்பட்டவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: பெயர்ப்பலகைக்காரன், பீனிக்ஸ்

அக்காவுக்கு வணக்கம். பெயர்ப்பலகை, வண்டி ஸ்டிக்கர் வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் காரணம் வெவ்வேறு. இயந்திரத்தின் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கொம்பு பின்னால் போனது வெட்டும் மென்பொருளில் நேராகத் தமிழைத் தட்டச்சிட்டதால் வந்த கோளாறு. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலியில் பின்னால் வந்தாலும் எழுத்தில் முன்னால் நிற்கும். அந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருள் பல உண்டு. இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டச்சிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அதன்பின் எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிவிட வேண்டும். மாற்றியபிறகு எல்லா வடிவங்களையும் ஒன்றாக இணைக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். சில எழுத்துருக்களில் ‘கி’, ‘டு’ போன்றவற்றின் குறி, மெய்யெழுத்தின்மேல் ஏறி அமர்ந்திருக்கும். திரையில் கறுப்பாக நிரம்பியிருக்கும்போது அது தெரியாது. இயந்திரமோ இரண்டு வடிவத்தின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டி, எழுத்தின் நடுவிலேயே ஒரு கீறலைப் போட்டுவிடும். வெட்டுவதற்கு முன் நிறத்தை நீக்கி ஓரக்கோட்டை மட்டும் திரையில் காட்டிப் பார்ப்பது என் பட்டறையில் மீற முடியாத பழக்கம்.

சுழி பெயர்ந்ததும் மூலை கிள்ளப்பட்டதும் பிளேடு சம்பந்தப்பட்டவை. இந்த இயந்திரங்களில் இருக்கும் பிளேடு, வண்டியின் பின்சக்கரம்போல் இழுபட்டுத் திரும்பும் இனம். பிளேடின் கூர்முனை, அதைப் பிடித்திருக்கும் அச்சின் நேர்கீழே இருக்காது. சற்றுத் தள்ளி இருக்கும். அந்தத் தள்ளலைத்தான் ஆஃப்செட் என்கிறோம். பெயர்ப்பலகை வேலைக்கான வழக்கமான 45 பாகை பிளேடு பலவற்றில் அது 0.25 மில்லிமீட்டர். மூலை வரும்போது இயந்திரம் அந்த அளவுக்குச் சிறு வளைவு போட்டு முனையைத் திருப்பும். ஆஃப்செட் எண்ணை மென்பொருளில் குறைத்துக் கொடுத்தால் மூலை உருண்டுவிடும், கூட்டிக் கொடுத்தால் மூலையில் சிறு கொம்பு முளைக்கும். உங்கள் 6 மில்லிமீட்டர் எழுத்தில் ‘ன’கரச் சுழியின் உள்வெளி முக்கால் மில்லிமீட்டருக்குமேல் தேறாது. அவ்வளவு சிறிய வட்டத்துக்குள் பிளேடு சுற்றும்போது, முனை மழுங்கியிருந்தாலோ வேகம் கூடியிருந்தாலோ வினைலை வெட்டாது, உழுதுகொண்டு போகும். துணுக்கு அப்போதே பாதி பெயர்ந்துவிடும், வேண்டாத வினைலை உரித்துக் களையெடுக்கும்போது மீதியும் கையோடு வந்துவிடும்.

பிளேடு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வினைலின் தடிமனோடு, அது ஒட்டியிருக்கும் அடித்தாளின் தடிமனில் பாதியைச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு நீண்டால் போதும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு அது. விரல்நுனியால் மெல்லத் தடவினால் உறுத்த மட்டும் வேண்டும். விசையை 10 கிராம், 10 கிராமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பாருங்கள். வினைலை உரித்தபின் அடித்தாளில் மெல்லிய கோடு விழுந்திருக்க வேண்டும், தாள் கிழிந்திருக்கக் கூடாது. சாதாரண வினைலுக்கு 80 முதல் 120 கிராம் விசைக்குள் அடங்கிவிடும். ரோலண்ட் நிறுவனத்தின் ஜிஎஸ்-24 கட்டர் அதிகபட்சம் 350 கிராம் விசை தரும் என்பார்கள். நுண்வேலைக்கு அந்தப் பெரிய எண்ணால் ஒரு பயனும் இல்லை. தடித்த ரப்பர் மாஸ்க் (மூடுபடலம்) வெட்டுபவருக்கே அது தேவை.

விவரத்தாளில் இன்னொரு எண்ணையும் பார்த்து மயங்க வேண்டாம். அதே இயந்திரத்தின் நகர்வு நுணுக்கம் 0.0125 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். சென்ற இடத்துக்கே மீண்டும் வந்து நிற்கும் துல்லியம் 0.1 மில்லிமீட்டர் என்று அதே தாளில் சற்றுத் தள்ளிப் போட்டிருக்கும். வட்டம் மூடுகிற இடத்தில் பொருந்துகிறதா என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான்.

வாங்குவதைப் பற்றி: மலிவு விலையில் வரும் பெயர் தெரியாத 24 அங்குல இயந்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றுள் பெரும்பாலானவை படிபடியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரில் ஓடுபவை. சிறு வளைவுகளில் படிப்படியாக வெட்டியதுபோல் ஓரம் பல்லாக வரும். தன் இடத்தைத் தானே சரிபார்த்துக்கொண்டு நகரும் செர்வோ மோட்டார் உள்ள ரோலண்ட், கிராஃப்டெக் இயந்திரங்களில் அந்தக் குறை இராது. புதிதாக வாங்க உங்கள் தொகை போதாது. ஆனால் பெயர்ப்பலகைக் கடைகள் பெரிய அச்சு இயந்திரத்துக்கு மாறும்போது பழைய ஜிஎஸ்-24, கிராஃப்டெக் சிஇ6000 ஆகியவற்றைப் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுப்பது உண்டு. போய்ப் பார்க்கும்போது உங்கள் கோப்பையே எடுத்துச் சென்று வெட்டச் சொல்லுங்கள். பிளேடு விழும் இடத்தில் இருக்கும் வெள்ளைப் பட்டையைத் தடவிப் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் விசை சீராக இறங்காது. அந்தப் பட்டையை மாற்றுவது சிறிய செலவுதான். விலை பேசும்போது சொல்லிக் குறைக்கலாம்.

பதில்: தகடு அரிப்பவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சகோதரிக்கு வணக்கம். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றபின், பித்தளைத் தகடுகளை ஃபெரிக் குளோரைடு என்னும் உப்பின் கரைசலில் அரித்து எழுத்துப் பொறிக்கும் வேலையை 9 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். பீனிக்ஸ் தம்பி வெட்டுவதைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆனால் உங்கள் தகட்டில் எழுத்து எவ்வளவு சிறியதாக வரலாம் என்பதை இயந்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கரைசலுக்கும் அதில் பங்கு உண்டு.

ஃபெரிக் குளோரைடு பித்தளையைக் கீழ்நோக்கி மட்டும் அரிக்காது, பக்கவாட்டிலும் அரிக்கும். 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறங்குவதற்குள் வினைலின் ஓரத்துக்கு அடியிலும் ஏறத்தாழ அதே அளவு புகுந்துவிடும். பெயின்ட் நிரப்பி நிற்க 0.15 மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுழிக்குள் இருக்கும் முக்கால் மில்லிமீட்டர் தீவை இருபுறமிருந்தும் கரைசல் தின்றால், 0.45 மில்லிமீட்டர்தான் எஞ்சும். அந்தத் தீவைப் பிடித்திருக்கும் பசையும் அதற்குள் தளர்ந்துவிடும். கட்டர் எவ்வளவு நேர்த்தியாக வெட்டிக் கொடுத்தாலும், தொட்டியிலிருந்து எடுக்கும்போது அந்தச் சுழி மூடிய ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

இதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, எழுத்தை 8 மில்லிமீட்டராக உயர்த்துங்கள். உங்கள் தகட்டில் அதற்கு இடம் இருக்கிறது. இரண்டாவது, அரிப்பினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று ஒரு துண்டுத் தகட்டில் அளந்து, வரைபடத்தில் எழுத்தின் ஓரத்தை அந்த அளவுக்கு உள்ளே தள்ளிவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் வடிவத்தை உட்புறமாகச் சுருக்கும் வசதி இதற்கு உதவும். தடித்த எழுத்துருவை எடுத்துச் சுருக்குவதைவிட, இயல்பான தடிமன் உள்ள எழுத்துருவை எடுத்து அரிப்பைத் தடிக்கவிடுவது எனக்கு நன்றாக வந்திருக்கிறது. மூன்றாவது, புள்ளியைத் தனியாகக் கவனியுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி அரிப்பு வேலையில் திறந்த துளையாக வருவதால் அது நிற்காது என்ற அச்சம் இல்லை. ஆனால் அதற்கும் கீழே உள்ள எழுத்தின் தலைக்கோட்டுக்கும் இடையே வினைல் மெல்லிய பாலமாக இருக்கும். அந்தப் பாலம் 0.4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அரிப்பில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் ஒவ்வொரு புள்ளியையும் கையால் சற்று மேலே தூக்கி வைக்கிறேன்.

வினைல் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டென்சிலுக்கென்றே வரும் நீலநிற ஒராமாஸ்க் 813, பெயின்ட் அடிக்கவும் கண்ணாடி வேலைக்கும் அருமையானது. 80 மைக்ரான் தடிமன், ஊடே பார்த்து ஒட்டலாம், உரித்தால் பசை தங்காது. ஆனால் எளிதில் உரியும் பசை, முக்கால் மணி நேரம் அமிலக் கரைசலில் கிடக்கும் வேலைக்குப் போதாது. பித்தளைக்கு நான் நிரந்தரப் பசை உள்ள ஒராகல் 651 வகையைப் பயன்படுத்துகிறேன். அதன் தடிமன் 63 மைக்ரான்தான். மெல்லியதாக இருப்பதால் சிறு வளைவில் பிளேடுக்கு இழுவையும் குறைவு.

ஒட்டுவதற்குமுன் தகட்டின் எண்ணெய்ப்பசை முழுவதும் போக வேண்டும். நுண்மையான உப்புத்தாளால் தேய்த்து, சலவைச் சோடாக் கரைசலில் கழுவி, ஓடும் தண்ணீரில் தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் எங்காவது முத்து முத்தாகத் திரண்டு விலகினால் அங்கே இன்னும் கைப்பசை இருக்கிறது. தகடு முழுவதும் ஒரே படலமாகத் தண்ணீர் நின்றால்தான் உலர்த்தி ஒட்ட வேண்டும். ஒட்டியபின் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் நகத்தின் முதுகால் அழுத்தித் தேய்ப்பேன். ஐந்து நிமிட வேலை அது. அதைச் செய்யாமல் விட்ட தகடுகளில்தான் கரைசல் உள்ளே புகுந்திருக்கிறது.

கரைசலில் இடும்போது எழுத்து கீழே பார்க்கட்டும். பின்பக்கத்தை முழுவதும் டேப்பால் மூடி, அதிலேயே ஒரு காது விட்டு, தகட்டைத் தொங்கவிடுங்கள். அரிந்து வரும் வண்டல் கீழே விழுந்துவிடும். மேல்நோக்கி வைத்தால் அது எழுத்துக்குள்ளேயே தங்கி அரிப்பைத் தடுக்கும். கரைசலைச் சூடாக்கினால் வேகம் கூடும், பசையும் இளகும். ஆகவே டர்பன் கோடையின் அறை வெப்பமே போதுமானது. கையுறையும் கண்பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருப்பதால் அதைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றவே கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் கலத்தில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அலுமினியத் தகட்டை இந்தக் கரைசலில் போட்டுவிடாதீர்கள். கடுமையாகப் பொங்கிச் சுடும்.

பதில்: கண்ணாடிப் பொறிப்பு, லெனேசியா

வணக்கம் அம்மா. ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். பீனிக்ஸ் அண்ணா சொன்ன இயந்திரப் பரிந்துரையில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு.

உங்கள் தகடு 120 மில்லிமீட்டர் நீளம்தான். 24 அங்குல இயந்திரம் சுருளிலிருந்து வினைலை இழுத்து முன்னும் பின்னும் ஓட்டும் அமைப்புடையது. இரு பக்கமும் அழுத்து உருளை கடித்திருக்க வேண்டும். சிறிய துண்டுகளை அதில் வெட்டும்போது ஓரம் முழுவதும் வீணாகும். ஈரப்பதம் மிகுந்த டர்பனில், டிசம்பர் முதல் மார்ச் வரை அடித்தாள் ஈரத்தை உறிஞ்சி அலைபோல் எழும்பும்; அதை உருளைகள் இழுக்கும்போது ஒரு பக்கம் நழுவினால் வட்டம் மூடாது. 12 அங்குலச் சில்லவுட் கேமியோ போன்ற இயந்திரத்தில் வினைலை ஒட்டுப்பாயில் அப்பி வெட்டலாம். தாள் தட்டையாகக் கிடக்கும், எதுவும் நெளியாது. சில்லவுட் நிறுவனம் ஜப்பானின் கிராஃப்டெக் குழுமத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமியோ 4-இன் வழக்கமான பிளேடுப் பிடியில் விசை 210 கிராம் வரை போகும். உங்கள் வேலைக்கு அதுவே இரண்டு மடங்கு. புதிதாக வாங்கினாலும் 15,000 ராண்டில் ஒரு பகுதி மிஞ்சும் வாய்ப்பு உண்டு, உத்தரவாதமும் கிடைக்கும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அதன் இலவச மென்பொருள், இங்க்ஸ்கேப் வழக்கமாகச் சேமிக்கும் எஸ்விஜி வகைக் கோப்பைத் திறக்காது; இங்க்ஸ்கேப்பிலிருந்து டிஎக்ஸ்எஃப் என்னும் வேறு வடிவில் சேமித்துத்தான் கொண்டுபோக வேண்டும். சேமித்தபின் அளவு மாறியிருக்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள். இங்க்ஸ்கேப்பிலிருந்தே நேரடியாக வெட்ட உதவும் இலவச நீட்சியும் இருக்கிறது. கிரிகட் என்னும் வேறு நிறுவனத்தின் இயந்திரங்கள் எஸ்விஜி கோப்பை ஏற்கும். ஆனால் அவற்றின் மென்பொருள் கணக்கு கேட்கும், பெரும்பாலான வேலைக்கு இணைய இணைப்பும் கேட்கும். மின்சாரம் போய் இணையமும் போகிற நாளில், முன்பே இறக்கி வைக்காத வேலைக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) கடுமையாக இருந்த 2023-இல், வெட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் நான் இழந்த வினைல் கொஞ்சமல்ல. இடையில் நின்றால் இயந்திரம் தான் இருந்த இடத்தை மறந்துவிடும். தாளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இப்போது கட்டரையும் மடிக்கணினியையும் மின்சாரம் போனாலும் சற்று நேரம் ஓடவைக்கும் ஒரு சிறு யுபிஎஸ்-இல் இணைத்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு ஒரு வார்த்தை. எட்சிங் கிரீமில் ஃபுளோரைடு இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே உள்ளே இறங்கிப் புண்ணாக்கக் கூடியது. கால்சியம் குளுகோனேட் ஜெல் ஒன்றைப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி அதைத் தடவிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கிரீமுக்குப் பதில் துகளைக் காற்றால் வீசிப் பொறிக்கும் மணல் வீச்சுக்குப் போவதாக இருந்தால் அலுமினியம் ஆக்சைடு துகளையே வாங்குங்கள். ஆற்றுமணலின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். கோலத்தின் இழைகள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வேண்டும் என்று எவராவது கேட்டால், அந்த வேலையை வினைலில் முயல வேண்டாம். ஒளியில் பதித்துக் கழுவும் ஃபோட்டோ ரெசிஸ்ட் படலத்தில் செய்துவிடுங்கள்.

பதில்: பெயர்ப்பலகைக்காரன், பீனிக்ஸ்

லெனேசியா தங்கை சொன்ன ஒட்டுப்பாய் யோசனையை ஏற்கிறேன். நான் தினமும் மூன்று, நான்கு மீட்டர் நீள வேலை செய்பவன். அந்தக் கண்ணோடு பதில் எழுதிவிட்டேன். அக்காவின் 40 தகடுகளுக்குச் சிறிய இயந்திரம் பொருத்தம்தான். ஆனால் அதன்கூட வரும் பிளேடை நம்பி நுண்ணெழுத்தில் இறங்க வேண்டாம். கிராஃப்டெக் வகை 0.9 மில்லிமீட்டர் பிளேடின் பிடியை இணைப்பி வைத்து அதில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் சனிக்கிழமை பட்டறைக்கு வாருங்கள் அக்கா. என்னிடம் ஜிஎஸ்-24 இருக்கிறது, என் மருமகளிடம் கேமியோ இருக்கிறது. ஒரே கோப்பை இரண்டிலும் வெட்டிப் பார்த்துவிடலாம்.

மறுமொழி: கோலக்காரி, சாட்ஸ்வொர்த்

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை பீனிக்ஸ் சென்று வந்தேன். என்ன நடந்தது என்பதை இதே சிக்கலில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சோதனைக்கு ‘தெய்வயானை’ என்ற பெயரை எடுத்துக்கொண்டோம். கொம்பு, புள்ளி, ஐகாரக் குறி, ‘ன’கரச் சுழி ஆகிய நான்கும் அதில் வந்துவிடுகின்றன. இங்க்ஸ்கேப்பில் எழுதி, வடிவமாக்கி, இணைத்து, 6 மற்றும் 8 மில்லிமீட்டர் உயரங்களில் ஒரே தாளில் அடுக்கினோம். தம்பியின் இயந்திரத்தில் முதல் முறை வெட்டியபோது, இரண்டு மாதமாக மாட்டியிருந்த பிளேடு இருந்தது. 6 மில்லிமீட்டர் வரிசையில் ‘னை’யின் சுழிகள் ஒன்றுகூட நிற்கவில்லை, கடையில் எனக்குக் கிடைத்ததே மீண்டும் கிடைத்ததுபோல் இருந்தது. புதிய பிளேடை மாட்டி, வேகத்தைக் குறைத்து, 90 கிராம் விசையில் வெட்டினோம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது சுழிக்குள் இருந்த துணுக்கு, கேழ்வரகு மணியைவிடச் சிறியது, வட்டமாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கேமியோவில் ஒட்டுப்பாயின்மேல் வெட்டியதும் கிட்டத்தட்ட அதே நேர்த்தியில் வந்தது. வட்டம் மூடும் இடத்தில் மட்டும் ஒரு மயிரிழைப் பிசிறு இருந்தது. வெட்டு தொடங்கிய இடத்தைக் கொஞ்சம் தாண்டி முடியும்படி அமைப்பை மாற்றியதும் அதுவும் போய்விட்டது.

களையெடுக்கும்போது நான் ஒன்று கற்றுக்கொண்டேன். வினைலை மேல்நோக்கித் தூக்காமல், தாளோடு படியவைத்து, பின்னோக்கி மடித்து மெல்ல இழுத்தால் சுழிகள் அசைவதில்லை. தம்பியின் மனைவி காட்டிக் கொடுத்தார். அவருக்கும் என் நன்றி.

இரண்டு ஸ்டென்சில்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா சொன்னபடி தகட்டைக் கழுவி ஒட்டி அரித்துப் பார்த்தேன். அவர் எழுதியது அச்சொட்டாக நடந்தது. 6 மில்லிமீட்டர் வரிசையில் சுழிகள் அடைந்துபோய் ‘னை’ படிக்கவே முடியவில்லை. 8 மில்லிமீட்டர் வரிசையில் சுழி திறந்து நின்றது, ‘ய்’யின் புள்ளி மட்டும் எழுத்தோடு ஒட்டியிருந்தது. கோட்டின் தடிப்பை அளந்தேன். ஒரு பக்கத்துக்கு 0.15 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருந்தது.

ஆகவே கேமியோ ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டேன். மிச்சத் தொகையில் ஐந்து பிளேடுகள், ஒரு சுருள் 651, ஒரு யுபிஎஸ் வாங்கப் போகிறேன். எழுத்தை 8 மில்லிமீட்டராக உயர்த்தக் கோவில் குழுவினர் சம்மதித்துவிட்டார்கள்; ஆங்கிலப் பெயரின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள். ஐயாவிடம் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: புள்ளியை எவ்வளவு தூக்கி வைக்கிறீர்கள்? எல்லாப் பெயருக்கும் ஒரே அளவா?

பதில்: தகடு அரிப்பவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சகோதரி, எழுத்து 8 மில்லிமீட்டராக இருக்கும்போது புள்ளிக்கும் தலைக்கோட்டுக்கும் இடையே வரைபடத்தில் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், அரித்தபின் 0.4 எஞ்சும், கண்ணுக்கும் உறுத்தாது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு ஏற்றதல்ல. ‘ய்’, ‘ப்’, ‘ம்’ ஆகியவற்றில் நடுவில் தலைக்கோடு திறந்திருப்பதால் புள்ளி சற்று இறங்கி நின்றாலும் பொருந்தும். ‘க்’, ‘த்’, ‘ர்’ ஆகியவற்றில் மேலே நீண்ட கோடு ஓடுவதால் முழு இடைவெளியும் வேண்டும். முதலில் எல்லாப் பெயர்களையும் ஒரே கோப்பில் அடுக்கி, புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து நகர்த்திவிட்டு, அதன்பிறகு வெட்டத் தொடங்குங்கள். இத்தனை தகட்டுக்கு ஒரு பிளேடு என்று கணக்கு வைக்க வேண்டாம். மூலை உருளத் தொடங்குகிறதா என்பதைத் தாளின் ஓரத்தில் வெட்டும் சிறு சதுரமே சொல்லிவிடும்.